மூன்றாம் ஓலை

தேவாலயத்து உபதேசியார் ஆசீர்வாதம் மாசி பிறந்ததிலிருந்து படுத்த படுக்கை. அன்று காலை மனைவி மார்த்தாள் கஞ்சி கொண்டுபோனபோது வாயைத் திறக்கவில்லை. "சுகிர்தம்" என்று மட்டும் சொன்னார். எட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத மகளின் பெயர். மார்த்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் போய் இட்டுகினு வரேன். அதுக்குள்ள கண்ணை மூடிடாதீங்க" என்றாள். பக்கத்து வீட்டு கௌரியம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு மகள் இருக்கும் அம்மையார்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

பஸ்ஸா அது! யுத்தம் முடிந்தும் பெட்ரோல் வந்தபாடில்லை. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் ஓடுகிற வண்டி, ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். நின்றபோதெல்லாம் மார்த்தாள் "ஆண்டவரே, ஆண்டவரே" என்றாள். பக்தியில் அவளை மிஞ்சத் திருத்தணியில் ஆள் கிடையாது. விடியுமுன் முழங்கால் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டமாட்டாள், சனிக்கிழமை ஆக்கி வைத்த சோறுதான். மலை முருகன் கோயில் பிரசாதம் என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஊரே அதைப் பெருமையாகத்தான் பேசிற்று. அந்தப் பெருமை தலைக்கேறியதுதான் வினை.

சந்தைக்குத் துணி கொண்டுவரும் நெசவுக்காரன் தணிகாசலத்தைச் சுகிர்தம் விரும்பினாள். தங்கமான பிள்ளை. ஞானஸ்நானம் எடுக்கவே சம்மதித்து, உபதேசியாரிடமே பாடம் கேட்டு, பத்துக் கட்டளையும் மனப்பாடம் செய்திருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்பார். ஒப்புக்குக் கேட்பதுதான், யாரும் எழுந்ததே இல்லை.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முன்னால் ஆடிக் கிருத்திகை வந்து தொலைத்தது. அரோகரா போட்டுக்கொண்டு மலையேறிய கூட்டத்தில், தோளில் புஷ்பக் காவடியோடு தணிகாசலம் போவதை மார்த்தாள் கண்ணாரக் கண்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தடை உண்டா என்று பாதிரியார் கேட்டதும், பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பெற்ற தாயே எழுந்தாள்.

"இருக்குதுங்க ஐயா. மாப்பிள்ளை காவடி எடுத்தாரு. என் கண்ணால பார்த்தேன்."

கல்யாணம் நின்றது. ஞானஸ்நானமும் நின்றது. அடுத்த மாதமே சுகிர்தம் வீட்டைவிட்டுப் போய் மலையில் தாலி கட்டிக்கொண்டாள். உள்ளே வர இருந்தவனை வாசலிலேயே மறித்து, உள்ளே இருந்தவளையும் வெளியே தள்ளியாயிற்று. கொஞ்ச காலம் மார்த்தாள் "உண்மையைத்தானே சொன்னேன்" என்று முறைப்பாகத் திரிந்தாள். பேத்தி பிறந்த சேதி வந்த அன்றைக்கு முறைப்பெல்லாம் போயிற்று. போய்ப் பார்க்கத்தான் முகமில்லை.

அம்மையார்குப்பத்தில் பாதித் தறிகள் நூல் கிடைக்காமல் சும்மா கிடந்தன. வாசலில் ஒரு பெண் குழந்தை புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தது. நெற்றி நிறைய விபூதி. அச்சு அசல் சுகிர்தத்தின் மூக்கு.

"யாரு நீ?" என்றது.

பாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்கம்மாவைக் கூப்புடு கண்ணு."

சுகிர்தம் வந்து பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நைனாவுக்கு ரொம்ப முடியலடி. உன் பேரைச் சொல்லிகினு இருக்காரு."

சுகிர்தத்தின் கண் கலங்கிற்று, குரல் கலங்கவில்லை. "வரேன். ஆனா தனியா வரமாட்டேன். அவரும் வருவாரு, அம்முவும் வருவா. நெத்தியை அழிச்சிட்டு வா, அது இதுன்னு ஏதாச்சும் பேசினே, அப்படியே திரும்பிடுவேன்."

"ஐயோ, ஒண்ணும் சொல்லமாட்டேன்டி. என் வாயில மண்ணு. சீக்கிரம் கெளம்பு."

திரும்பும் பஸ்ஸுக்காக ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். அம்மு அப்பன் தோளில் தூங்கிப்போனாள். மார்த்தாளுக்கு வாய் சும்மா இருக்கமாட்டாமல் குறுகுறுத்தது.

"தப்பு என்மேலதான் மாப்பிள்ளை. இருந்தாலும், காவடி எடுக்கறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே அத்தை."

"யாரை?"

"மாமாவைத்தான். எங்கம்மா காவடி எடுக்கறேன்னு வேண்டிகினு இருந்துச்சு. அதுக்குள்ள கால் வெளங்காம படுத்துகிச்சு. இன்னா பண்றதுன்னு போய்க் கேட்டேன். 'தாயையும் தகப்பனையும் கனம்பண்ணுன்னு நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன். உங்கம்மாவுக்காக இந்த ஒரு தடவை எடுத்துட்டு வந்துடு, ஆண்டவருக்குத் தெரியும்'னாரு."

"அப்போ மூணாவது ஓலை வாசிச்ச அன்னிக்கு ஏன் அவரு வாயைத் தெறக்கல?"

"தெரியல அத்தை. நான் அவரையே பார்த்துகினு இருந்தேன். தலையைக் குனிஞ்சிகினாரு. சரி, பெரியவரை ஏன் காட்டிக் குடுக்கணும்னு நானும் உட்டுட்டேன்."

சுகிர்தம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இது தெரிந்த சங்கதிதான் போலிருக்கிறது.

எட்டு வருஷம்! ஒரே கூரைக்குள், ஒரே ஜெபத்துக்கு முழங்கால் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே அந்த மனுஷர். வேலை போய்விடுமென்ற பயமா? சேச்சே, காலரா வந்த வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள் தனியாகப் போய்ப் பிணம் எடுத்தவர் அவர். பிறகு எதற்குப் பயந்தார்? யோசித்தபோது மார்த்தாளுக்கு விளங்கிற்று. சொல்லியிருந்தால் அவள் சும்மாவா இருந்திருப்பாள்? அவர் பெயரையும் சேர்த்துத்தான் சபை நடுவில் சொல்லியிருப்பாள். கட்டாயம் சொல்லியிருப்பாள். கட்டினவருக்கு அது தெரியாதா? பாவி, பாவி என்று மாரில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று அடக்கிக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். "உசிரு இருக்குது, வாங்க" என்றாள் கௌரியம்மாள். சுகிர்தம் "நைனா" என்று உள்ளே ஓடினாள். குழந்தையோடு வாசற்படியில் தயங்கி நின்ற தணிகாசலத்தை, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று மார்த்தாளே கூப்பிட்டாள்.

ஆசீர்வாதம் கண்ணைத் திறந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல்முதலாகப் பார்க்கும் பேத்தி தலைமாட்டில் நின்றது. அவரோ தணிகாசலத்தைப் பார்த்தார். பார்த்த உடனே கண்ணைத் திருப்பி மார்த்தாளின் முகத்தைப் பார்த்தார். சாகிற நேரத்திலும் அந்த மனுஷருக்கு அவளிடம்தான் பயம்.

மார்த்தாள் அவர் காதருகே குனிந்தாள். "பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேங்க."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.