சிவப்புக் கட்டம்

பணி நிரந்தரத்துக்கான படிவத்தில் பதினோரு கேள்விகள். பத்தைக் கணக்கு டீச்சர் மளமளவென்று நிரப்பிவிட்டாள். பதினோராவதுதான் படுத்தி எடுத்தது: ‘இந்தப் பணியில் உங்களுக்குக் கிடைத்த மனநிறைவு என்ன?’ கீழே நான்கு கோடுகள். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. நான்கு கோட்டுக்கு மனம் எங்கே நிறைந்தது? ‘மாணவிகளின் முகத்தில் தெரியும் தெளிவு’ என்று எழுதினாள். அப்படியொரு முகத்தைக் கடைசியாகப் பார்த்தது வீட்டுக்குப் போகிற மணி அடித்தபோது என்பது நினைவுக்கு வர, அடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பிரிவின் கணக்கு வாத்தியார் விடைத்தாள் கட்டோடு ஆசிரியர் அறைக்குள் வந்தார். ஒருவர் வகுப்புத் தாளை இன்னொருவர் திருத்துவது அந்தப் பள்ளியில் வழக்கம். காப்பியடிப்பவர்களைப் பிடித்துப் பிடித்தே பேர் வாங்கிய மனிதர். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“உங்க கிளாஸ் மொத்தமா மாட்டிக்கிச்சு டீச்சர். ஆறாவது கணக்குல முப்பத்தஞ்சு பேர்ல முப்பத்துநாலு பேர் ஒரே தப்பு, ஒரே வரியில.”

“மிச்சம் ஒருத்தர்?”

“தூங்குமூஞ்சின்னு சொல்வீங்களே, அந்தப் பொண்ணு. அவ மட்டும் சரி. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிட்டேன். மத்தவங்க எல்லாருக்கும் ஜீரோ, வீட்டுக்கு லெட்டர். நாளைக்குக் கையெழுத்தாயிடும்.”

டீச்சர் ஒரு தாளை உருவிப் பார்த்தாள். மைனஸ் எண்ணால் இரண்டு பக்கத்தையும் வகுத்தால், நடுவில் இருக்கும் பெரியது-சிறியது குறி திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அடுத்த தாளிலும் திரும்பவில்லை.

பாடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பலகையில் போட்டு, அதை நோட்டில் எழுதிச் சிவப்பு மையால் கட்டம் கட்ட வைப்பது அவள் கொண்டுவந்த ஏற்பாடு. “கட்டத்துக்குள்ள இருக்கிறதுல ஒரு புள்ளியக்கூட மாத்தக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தாள். தன் குறிப்பு நோட்டைத் திறந்தாள். கட்டம் அழகாக இருந்தது. உள்ளே குறிதான் திரும்பாமல் நின்றது. பாடத்தை முடித்துவிடும் அவசரத்தில் போட்ட கணக்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை.

சும்மா இருந்துவிடலாம். ஒரு ஜீரோவால் யாருக்கும் தலை போய்விடாது, வேலையும் நிரந்தரமாகிவிடும். இந்த யோசனை அரை நிமிஷம் நன்றாகவே இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

அந்த அம்மாள் திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் பார்த்தாள். லெட்டரைக் கிழித்துக் கூடையில் போட்டாள். “நிரந்தரம் இப்போ இல்ல. மூணு மாசம் கழிச்சு வேற படிவம் தரேன்” என்றாள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. “தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டு, தூங்குமூஞ்சியை எழுப்பி, “நீ மட்டும் எப்படிம்மா சரியா போட்ட?” என்று கேட்டாள்.

“நான் அன்னிக்கு லீவு டீச்சர். புக்கைப் பாத்துப் படிச்சேன்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“அப்போ புக்குல சரியாத்தான் இருக்கு. வேற யாருமே பாக்கலையா?”

முதல் பெஞ்சில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள் மெல்ல எழுந்தாள். “நான் பாத்தேன் டீச்சர்.”

“பாத்துட்டு?”

புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அச்சில் இருந்த சரியான குறியைப் பேனாவால் அடித்து, மேலே தப்பான குறியைப் போட்டிருந்தாள். ஓரத்தில் முத்து முத்தான கையெழுத்தில் ‘அச்சுப் பிழை’.

“நீங்க தப்பா சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது, பயம்தான் கூடுதல். திருத்தத்தை அடித்து, பழையபடி குறியைப் போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பெண் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். “இப்போ இதை நம்பலாமா டீச்சர்?”

“நம்பாத. எண்ணை வெச்சுப் போட்டுப் பாரு.”

அவள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். பெஞ்சு பெஞ்சாக மற்றவர்களும் நோட்டைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்து, “சரியாத்தான் டீச்சர் இருக்கு” என்றாள், திருத்தி மார்க் போடுகிறவள்போல.

மூன்று மாதம் கழித்து வரும் படிவத்தில் பதினோராவது கேள்விக்கு எழுத ஒன்று கிடைத்துவிட்டது, அதற்கு ஒரு கோடே போதும் என்று டீச்சருக்குத் தோன்றியது.