துரைசாணி படம்

ஆன்மேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளில், அவளுடைய அக்கா பவுலின் கூடத்துச் சுவரில் இருந்த துரைசாணி படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா வாங்கி வந்த பழைய அச்சுப் படம் அது. கையில் ரோஜாவோடு எங்கேயோ பார்த்தபடி நிற்கும் அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இடுப்பு வரை சுருள் சுருளாகக் கூந்தல். ஆன்மேரிக்கோ புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது.

உள்ளே வந்ததும் ஆன்மேரி வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அவ எங்கேக்கா?"

"சட்டம் செல்லரிச்சிருந்துச்சு, அதான்..." பவுலினுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஆன்மேரி மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஞாபகம் இருக்குதா? ஞாயித்துக்கிழமையானா அவள மாதிரியே முடிய சுருட்டி விடச் சொல்லி அம்மா உயிர வாங்குவோம். உப்பளத்து வரப்புல நடந்து கோயிலுக்குப் போறதுக்குள்ள காத்து மொத்தத்தையும் கலைச்சிடும்."

"நீ பூசை முடியற வரைக்கும் அழுதுட்டே இருப்ப," என்றாள் பவுலின். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அதெல்லாம் நம்ம அனுபவிச்சதுதானே. ஏன் ஒளிச்சி வைக்கிற? எடுத்து மாட்டு."

பவுலின் படத்தை இழுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். ஆன்மேரி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குக்கா," என்றாள்.