ஜெயபுஷ்பத்தின் வகுப்பில் முளைத்த கதவுகள்

1979 ஜூலையில், வேலூர்க் கல்லூரி ஒன்றின் வணிகவியல் கட்டடத்தில், ஜெயபுஷ்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்த அறையின் சுவரில் ஒரு கதவு முளைத்தது. தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். திறந்தால் நாட்றம்பள்ளி, பஸ்ஸில் போனால் பாதி நாளைத் தின்றுவிடும் ஊர். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. வேலு என்ற மாணவன் வாசற்படி தாண்டி ரோட்டோரம் இறங்கி, தான் பஞ்சர் கடை போடப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பீரியடுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அந்த ஆரன் சத்தம் பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்தியநாதனுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்குவது பற்றிய புதிய பாடத்தைக் கல்லூரி அந்த வருஷம்தான் சேர்த்திருந்தது. அதை ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பு அவருக்கு, தமிழில் நடத்தும் வகுப்பு ஜெயபுஷ்பத்துக்கு. தமிழ் வகுப்பு என்றால் மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர். இப்போது அந்த மார்க் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் ஒவ்வொன்றாகக் கதவு முளைத்தது. ஜெயபுஷ்பம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. “உங்க ஊர்ல இன்னா இல்லாம ஜனங்க பேஜாராவுறாங்க?” என்று கேட்பாள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சில் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்போது சுவர் வழிவிடும். அமிர்திக் காட்டோரம் ஒரு கதவு திறந்தது. அங்கே தேன் அடைத்து விற்கலாம் என்று சொன்னவனுக்கு. சத்தியநாதன் தன் வகுப்பில் கடினமான ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகை நிறைய எழுதினார்; பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள்; சுவர் சுண்ணாம்போடு அப்படியே நின்றது. ஜெயபுஷ்பத்தின் கேள்வியை மனப்பாடம் செய்து ஒருநாள் கேட்டும் பார்த்தார். அவர் குரலில் அது பரீட்சைக் கேள்வி போல இருந்தது. பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள்.

கட்டடம் இடிந்து விழும் என்று பிரின்ஸ்பாலிடம் போய்ச் சொன்னார். இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்து, சுவர் முன்னைவிட உறுதியாக இருக்கிறது, கீல்களுக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் இன்பம் சத்தியநாதனின் மேஜை முன்னால் வந்து நின்றாள். நர்ஸ் மகள். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவள். அவருடைய பெருமையே அவள்தான்.

“சார், நான் தமிழ் செக்‌ஷனுக்கு மாறிக்கிறேன்.”

“ஏம்மா, இங்க இன்னா கம்மி?”

“கம்மின்னு ஒண்ணும் இல்ல சார். நீங்க சொல்றது எல்லாமே பரீட்சைக்கு வந்துடுது. அந்த மேடம் கேட்டதுக்குத்தான் எனக்கு இன்னும் பதில் தெரியல.”

பொங்கலுக்குள் அவளுக்கும் கதவு வந்தது. ஆம்பூரில் ஒரு சந்து. வீட்டுக்கு வீடு பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்து, ஷூவின் மேல்தோலைத் தைத்து ஏஜெண்டிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரே கூரைக்குக் கீழே சேர்த்து, ஃபேக்டரியிடம் நேராக ஆர்டர் வாங்க வேண்டும் என்பது இன்பத்தின் எண்ணம். மாலையில் அவள் அந்தப் பக்கம் போயிருந்தபோது, வெறிச்சோடிய வகுப்பறைக்குள் சத்தியநாதன் நுழைந்தார். இந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் அவள் ரயிலேறித்தான் வர வேண்டும். இரண்டு தடவை அப்படி வந்தால் இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும். கையை வைத்தார். கதவுக்கு அப்பால் பேச்சு கேட்டது.

“வூட்ல தெச்சா சும்மா தெக்கலாம். வாடகை குடுத்து எதுக்கு ஒரு எடம்?” என்று கேட்டது தையல் வேலை செய்யும் முனவ்வர் பேகம்.

“அது ஃபிக்ஸட் காஸ்ட்டுங்க,” என்றாள் இன்பம்.

“அப்டின்னா?”

இன்பம் அதற்கு இன்னொரு ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள். அது அவர் நடத்திய பாடம். கப் வாங்கிய பெண்ணுக்கு அதை வீட்டுப் பேச்சில் சொல்ல வரவில்லை. வெட்கமும் பொறாமையும் ஒன்றாக ஏறி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கதவிடுக்கில் வாயை வைத்தார். “அம்மா, நீங்க பத்து ஜோடி தெச்சாலும் நூறு ஜோடி தெச்சாலும் வாடகை அதே வாடகைதான். ஜோடி ஜாஸ்தியாவ ஆவ, ஒரு ஜோடி மேல விழுற பாரம் கம்மியாவும். அவ்ளோதாங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து முனவ்வர் பேகம் சொன்னது: “இவ்ளோ தெளிவா சொல்றவரு வெளிய ஏன் நிக்கிறாரு? உள்ள கூப்புடும்மா.”

அவர் படி தாண்டினார்.

ஓய்வு பெறும்வரை சத்தியநாதனின் சொந்த அறையில் ஒரு ஜன்னல்கூடப் புதிதாக முளைக்கவில்லை. பொறாமையும் அவரை விட்டுப் போகவில்லை. ஜெயபுஷ்பத்தின் பெயரைச் சொன்னால் கடைசிவரை முகம் சுருங்கியது. ஆனாலும் வியாழக்கிழமை மாலைகளில், அவள் வகுப்பின் நடுவே தலை குனிந்துகொண்டு ஆம்பூர்க் கதவை நோக்கிக் குறுக்கே நடப்பார். எண்பத்துநாலில் ஆம்பூர்ச் சந்தில் பெரிய கொட்டகையே எழுந்துவிட்டது. கணக்கு சொல்லித்தர அவர் வேண்டும் என்று அந்தப் பெண்கள் காத்திருப்பார்கள். ஜெயபுஷ்பம் பாடத்தை நிறுத்தாமலே சொல்வாள்:

“கதவச் சாத்திட்டுப் போங்க சார். பிரியாணி வாசனை வந்தா இதுங்க பாடம் கேக்காதுங்க.”

அவர் சாத்திவிட்டுப் போவார்.