தார் பூசிய தொப்பி

அந்தக் கட்டட வேலையிடத்தில் பாதுகாப்பு அதிகாரிக்கு வாத்தி என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் பாடம்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் போட்டது நியாயமான சண்டை. புது ஆட்களுக்கு ஹெல்மெட் வரவில்லை. அவர்களில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "ஹெல்மெட் வர்ற வரைக்கும் ஒருத்தனையும் மேல ஏத்த மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். காண்ட்ராக்டரும் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த மிதப்பில், எல்லோரையும் மணல் குவியல் பக்கம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல ஹார்ட் ஹேட்னு பேரு. கெட்டித் தொப்பி. பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல கப்பல் கட்டுறவங்க தலையில மேலேருந்து சாமான் விழும். யாரும் ஒண்ணும் வாங்கித் தரல. அவங்களே துணித் தொப்பியில தாரைப் பூசி வெயில்ல காயவெச்சாங்க. கல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்படி வந்ததுதான் இந்தப் பேருன்னு சொல்றாங்க."

ஆட்கள் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

மறுநாளே டின்னில் தார் கொதித்தது. பழைய துணித் தொப்பிகள் வரிசையாக வெயிலில் காய்ந்தன.

"எல்லாம் உங்க யோசனைதான் சார்" என்று காண்ட்ராக்டர் அவர் தோளில் கைபோட்டார். "படிச்சவங்க படிச்சவங்கதான்."

அது ஒரு செங்கல்லைக்கூடத் தாங்காது என்று வாத்திக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இத்தனை பேர் நடுவில், தான் எடுத்த பாடத்தைத் தானே மறுப்பதா? கௌரவம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

தொப்பிகள் காய்ந்ததும் மச்சினன் ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தான். "இது தாங்குமா அத்தான்?"

"தாங்கும். போ."

"நீங்க சொன்னா சரி" என்று தலையில் கவிழ்த்துக்கொண்டு சாரம் ஏறினான்.

சாப்பாட்டு நேரத்துக்குள் மேல் மாடியில் ஒருவன் கையிலிருந்து இரும்புக் கவ்வி நழுவியது. நேராக மச்சினனின் தார்த் தொப்பியில் விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவருடையது, செத்தவன் இன்னொருவன்.

ஆஸ்பத்திரியில் அக்காக்காரி தம்பியின் தலைமாட்டில் நின்று, முடியில் ஒட்டியிருந்த தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவனுக்கு இந்தக் கோமாளித்தனத்தச் சொல்லிக் குடுத்தது?"

இங்கேயும் வாத்தியின் வாய் முந்திக்கொண்டது.

"அவனாத்தான் பூசிக்கிட்டான். நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"வீட்டுல யார் பேச்சையும் கேக்க மாட்டான்" என்றாள். "உங்க பேச்சையாவது கேப்பான்னுதான் உங்ககூட அனுப்புனேன்."