மைனா கதைக்கு ஒரு திருத்தம்

1

லோகப்பிரியாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுவாள். தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தொட்டியின் மேல் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துப் பிரெஞ்சு மொழியை உரக்கப் படிப்பாள். சிங்காநல்லூரில் என் வீடு அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஆகவே பாடம் எனக்கும் சேர்த்துத்தான். ஒரு சொல்லும் தங்கவில்லை.

இந்தக் கதை அந்த மாடியில் பிறந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் எழுதியிருக்கக் கூடாத வேறொரு கதையிலிருந்து வந்தது.

நம் குடியிருப்போர் சங்க இதழில் மாதம் ஒரு நீதிக்கதை எழுதுகிறேன் என்பதை அறிவீர்கள். சென்ற மாதம் 'அயல்காட்டு விவகாரம் படித்த மைனா' வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பிற காடுகளின் பாஷை பழகிய மைனா, தன் கூட்டில் ஓட்டை விழுந்ததைக் கவனிக்காமல் மற்றவர் விவகாரங்களைப் படிக்கப் பறந்தது. திரும்பி வந்தபோது கூடு இல்லை. நீங்கள் சிரித்தீர்கள். உங்களில் பலர் தொலைபேசியில் அழைத்தும் பாராட்டினீர்கள்.

2

திருத்தத்தை நான்கு முறை தொடங்கினேன்.

'ஒரு காட்டில் ஒரு கிழட்டு ஆந்தை இருந்தது. ஒரு நாள் அது'

(அடித்துவிட்டேன். ஆந்தையின் பின்னால் ஒளியப் பார்க்கிறேன்.)

'முரட்டு மீசைக்காரரான வெங்கடபதி, மகளின் படிப்புக்குக் குறுக்கே'

(இதையும் அடித்தாயிற்று. லோகப்பிரியாவின் அப்பா வெங்கடபதிக்கு மீசையே கிடையாது. பம்புசெட் பட்டறை நடத்துகிறவர். மகளுக்கு டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று தெரு முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்தவரும் அவரே.)

மற்ற இரண்டும் உங்கள் கண்ணில் படவே தகுதியற்றவை.

என்ன படிப்பு? இங்கேதான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறேன். நாடுகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, எப்படி ஒப்பந்தம் போடுகின்றன, எப்படி முறித்துக்கொள்கின்றன என்று பயிலும் இரண்டாண்டுப் படிப்பு. முடித்தவர்கள் உலக அமைப்புகளில் வேலைக்குப் போகிறார்கள். பெயர், இன்டர்நேஷனல் அஃபேர்ஸ். அதை நான் விவகாரம் ஆக்கினேன். நம் ஊரில் விவகாரம் என்றால் வில்லங்கம். அஃபேர் என்றால் நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒட்டியவன் நான்தான்.

3

மைனா கதை வந்த அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் லோகப்பிரியாவின் தாய்மாமன் அரங்கசாமி என் கதையைச் சத்தமாக வாசித்தாராம். வாசித்து முடித்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, அம்மணி அஃபேர்ஸ் படிக்கறதுக்கு டெல்லிக்கே போகோணுமா? நம்மூர்ல ஆகாதுங்களா?" என்றாராம். பந்தியே சிரித்தது. வெங்கடபதியும் சிரித்தார். மறுநாள், விடுதிக்குத் தேவையான பெற்றோர் ஒப்புதல் படிவத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதை அனுப்பக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. தவறினால் இடம் போய்விடும்.

லோகப்பிரியா இதழோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், மைனா நானுங்களா?"

பொதுவான மைனா என்றேன்.

"தொட்டி மேல உக்காந்து படிக்கற பொதுவான மைனாங்களா?"

அவளே தொடர்ந்தாள். "போன வருசம் அப்பா அனுப்புன அறுபது மோட்டாரு கென்யாவுல மொம்பாசா துறைமுகத்துல மூணு மாசம் கெடந்து துருப்புடிச்சுதுங்க. எந்த ஒப்பந்தத்துல எந்த விதின்னு படிச்சுச் சொல்ல இங்க ஒருத்தரும் இல்லீங்க. நீங்க என்னடான்னா, கூட்டைக் கவனிக்காதவள்னு எழுதிப்போட்டீங்க." இதழை என் மேசையில் வைத்தாள். "அது ஒரு காரணம். இன்னொன்னு, எனக்குப் புடிச்சிருக்குதுங்க. அதுக்கும் ஒரு நீதி வெச்சிருக்கீங்களா சார்?"

வைத்திருக்கவில்லை.

4

பெயரை மாற்றினால் தீரும் என்று நம்பிப் பட்டறைக்குப் போனேன். 'சர்வதேச உறவுகள்' என்று சொல்லிப் பார்த்தேன்.

"உறவுங்களா? அது அஃபேரைவிட மோசமுங்க சார்" என்றார் வெங்கடபதி.

'பன்னாட்டு அரசியல்' என்றேன். எந்தக் கட்சி என்று கேட்டார். மூன்றாவது சொல்லுக்கு வாயைத் திறந்தபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பேரு கெடக்குதுங்க. அன்னைக்குப் பந்தியில நானுஞ் சேந்து சிரிச்சுப்போட்டேன். எம் பொண்ணு பாத்துட்டா. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கையெழுத்துப் போடறதுங்க?"

(வாசகரே, இவரை வில்லனாக்கினால் கதை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். மனிதர் ஒத்துழைக்க மறுக்கிறார்.)

5

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அரங்கசாமியும் இருந்தார். எல்லார் முன்னிலும் சொன்னேன்: நல்ல சொல் எனக்குத் தெரியாமல் இல்லை, சிரிப்பு வரும் என்று தெரிந்தே விவகாரம் என்று போட்டேன், அந்தச் சிரிப்புக்கு ஒரு பெண்ணின் பெயரைச் செலவழித்தேன். லோகப்பிரியாவைப் பார்த்து, "தப்பு என்னுது அம்மணி, மன்னிச்சுக்கோ" என்றேன்.

எழுதியிருந்ததைத்தானே வாசித்தேன் என்று அரங்கசாமி முணுமுணுத்தார். அது உண்மை.

"சரிங்க சார்," என்றாள் லோகப்பிரியா. "எங்க எழுதுனீங்களோ அங்கயே இதையும் எழுதிப்போடுங்க."

அவள் அம்மா சாந்தாமணி எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதில் சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. கையெழுத்திட்டேன். மேலே, அப்பா கையெழுத்திட வேண்டிய கோடு காலி. வெங்கடபதி மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். தேடி முடிக்குமுன் நான் விடைபெற்றேன். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வகை வற்புறுத்தல்.

6

அவர் கையெழுத்திட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். இடவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். இந்த இதழ் வியாழக்கிழமை வருகிறது. அந்த வீட்டுக்கும் போகும். மைனா கதையில் அவர்களுக்காக ஒரு முறை முடிவெழுதிவிட்டேன், அது போதும்.

ஆனால் நீங்கள் இதைப் படித்து முடிக்கும்போது இன்னும் ஒரு பகல் மிச்சம் இருக்கும். வெங்கடபதியைத் தெருவில் பார்ப்பீர்கள். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் அந்தப் படிப்பின் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை சிரிக்காமல் நில்லுங்கள்.