கீழ்வீட்டிலிருந்து வந்த பதில்கள்

பைண்டருக்கு வந்த வேலை, பார்வைக்குச் சுலபமானதுதான். பழைய பெரிய தோட்டத்தின் இப்போதைய உரிமையாளர் இரண்டு தகரப் பெட்டிகளைக் காரிலிருந்து தானே இறக்கிக் கொண்டுவந்து கடை மேஜைமேல் வைத்தார். நாற்பது வயதுப் பெண்மணி. முழங்கை வரை மண்.

"இதுல இருக்கறது எங்க தாத்தாவோட அக்கா எழுதினது. அதுல இருக்கறது தாத்தா எழுதின பதில். ரெண்டு வால்யூமா தைச்சுக் குடுங்க. தோட்டம் பார்க்க வர்றவங்களுக்கு வெக்கணும்" என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

"பத்துப் பதினஞ்சு படிச்சேன். மண்டை காய்ஞ்சுடுச்சு. எல்லாமே ஒரு அத்திமரத்தைப் பத்தின சண்டை."

விவரத்தை அவரே சொன்னார். தாத்தாவின் அப்பா இறந்ததும் தோட்டம் குறுக்கே சுவர் வைத்து இரண்டாகப் பிரிந்தது. மேல்வீடும் ரோஜாப் பாத்திகளும் அக்காவுக்கு. கீழ்வீடும் குளமும் தம்பிக்கு. பாகம் பிரித்த அன்று இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். அதோடு பேச்சு நின்றது. கீழ்வீட்டில் வேரும், சுவரைத் தாண்டி மேல்வீட்டில் கிளையுமாக இருந்த அத்திமரம் மட்டும் யார் பக்கமும் சேராமல் நின்றது. மேல்வீட்டம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லாததால் பின்னாளில் எல்லாம் தம்பியின் வம்சத்துக்கே வந்து சேர்ந்தது, பெட்டிகள் உட்பட.

தைக்கக் கொடுத்த எதையும் பைண்டர் படிப்பதில்லை. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன ஆரம்பித்தால் கடை என்னாவது என்பார். ஆனால் கடிதங்களை உறையிலிருந்து எடுத்து, ஈரத்துணிக்கிடையில் வைத்து மடிப்பு நீக்கும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"தம்பிக்கு, உன் அத்தி நேற்று என் வெள்ளைக்கல் பாதையில் நாற்பத்தேழு பழங்களை உதிர்த்தது. எண்ணினேன். கிளையை வெட்டு."

"அக்காவுக்கு, அத்தனையையும் கொத்திப் போட்டவை உன் பக்கத்துப் பறவைகள். அவற்றுக்கு நல்லது கெட்டது சொல்லி வளர்."

பைண்டர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் உறைகளைக் கவனித்தார். ஒவ்வொன்றிலும் தபால்தலை, முழு விலாசம், முத்திரை. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இருநூறு அடி இருந்தால் அதிகம்.

ஐந்தரை மணிக்கு மனைவி வேலை முடிந்து வந்தாள். தபால் அலுவலகக் கவுன்டரில் இருபத்தாறு வருடம். வீட்டின் முன்னறைதான் கடை என்பதால், பையை இறக்கும் முன்பே கணவனின் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"போஸ்ட்மாஸ்டரம்மா, ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்கு யாராவது தபால் போடுவாங்களா?"

"உங்க அண்ணன் பொண்டாட்டிக்கு நான் போடலாம்னு இருக்கேன். ஏன்?"

அவர் உறையை நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டினாள். "முன்னாடி இருக்கறது போட்ட முத்திரை. பின்னாடி இருக்கறது வந்து சேர்ந்த முத்திரை. பாருங்க, செவ்வாய்க்கிழமை இவங்க கேட்ல கிளம்பி, டவுனுக்குப் போய், புதன்கிழமை அடுத்த கேட்ல இறங்கியிருக்கு. நாலு மைல் போய் நாலு மைல் திரும்பி! வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

அன்றிலிருந்து அவளும் மேஜைக்கு வந்துவிட்டாள். தேநீர்க் குவளையைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது பைண்டரின் சட்டம். அவள் ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, உறைகளைத் தேதிவாரியாக அடுக்கித் தந்தாள். மூன்றாம் நாள் மாலை, உரிமையாளர் கொடுத்துவிட்டுப் போயிருந்த தோட்டத்துத் துண்டுப் பிரசுரத்தை விசிறிக்கொண்டே படித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, கீழ்வீட்டுக்காரர் எப்போ செத்தாருன்னு இதுல போட்டிருக்கு. அறுபத்திரண்டு, மார்ச்."

"சரி."

"என்ன சரி? உங்க கையில இருக்கற லெட்டர் அறுபத்திரண்டு ஜூன்."

பைண்டர் கையைப் பார்த்தார். "அக்காவுக்கு, உன் புகார் கிடைத்தது" என்று தொடங்கி, தம்பியின் பெயரில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் இருந்தன. எண்ணினார்கள். இருபத்து மூன்று. கடைசிக் கடிதம் அறுபத்தேழில்.

"அச்சுப்பிழையா இருக்கும்" என்றார் பைண்டர்.

"முத்திரை பிழையா இருக்காது. நான் சொல்றேன்."

அவர் இரண்டு கடிதங்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தார். மார்ச்சுக்கு முந்தையதில் பேனா காகிதத்தை உழுதிருந்தது. பின்பக்கம் தடவினால் விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது. பிந்தையதில் பின்பக்கம் வழவழவென்றிருந்தது. எழுத்து உருண்டையாக, வரி வளையாமல் போயிற்று. வேறு ஆள்.

"அப்போ மேல்வீட்டம்மாவை யாரோ ஏமாத்தியிருக்காங்க. தம்பி செத்ததே அவங்களுக்குத் தெரியலையா?"

"இருநூறு அடி தூரத்துல சாவு. தெரியாம இருக்குமா?" மனைவி மற்ற பெட்டியிலிருந்து அந்த மாதங்களின் கட்டைப் பிரித்தாள். இரண்டாவது கடிதத்திலேயே விடை இருந்தது. மேல்வீட்டம்மாவின் சாய்ந்த எழுத்து: "தம்பிக்கு, உன் கையெழுத்து இப்போது மிகவும் திருந்தியிருக்கிறது. மகிழ்ச்சி. கிளை அப்படியே இருக்கிறது. வெட்டு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய கடிதம், அதாவது தம்பி இறந்தபின் அவருக்கு அக்கா எழுதிய முதல் கடிதம், ஒன்றரை வரிதான். "தம்பிக்கு, மழைக்கு முன் கிளையை வெட்டு. பதில் எழுது." ஒன்பது வருடக் கடிதங்களை மடிப்பு நீக்கியவர் பைண்டர். மேல்வீட்டம்மா எங்கேயும் பதில் கேட்டதில்லை. பதில் தானாக வந்துகொண்டிருந்தது.

மனைவி அதன் உறையைத்தான் வெகுநேரம் பார்த்தாள். "இதுல தபால்தலை ஒட்டியிருக்கு. முத்திரையே இல்ல. இது தபால்ல வரலைங்க. அந்தம்மா தானே நடந்து போய்ப் போட்டிருக்காங்க."

மறுநாள் சனிக்கிழமை. பைண்டர் உரிமையாளருக்கு ஃபோன் செய்தார். அரை மணி நேரத்தில் உரிமையாளரே வந்துவிட்டார். கேட்டதும் முதலில் நம்பவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், மண்டை காய்ந்ததாகத் தெரியவில்லை.

"இதைப் பத்தித் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இருக்காங்க. எங்க அப்பாவோட தங்கச்சி. எழுபத்தேழு வயசு. காது கொஞ்சம் மந்தம், ஆனா ஞாபகம் எமகாதகம்." ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தார். "அத்தை! தாத்தா பேர்ல லெட்டர் எழுதினது யாரு?"

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. "அடிப்பாவி, அதையெல்லாமா தோண்டி எடுத்தே? நான்தான்."

"நீங்களா?"

"கை என்னோடது. வாய் எங்க அம்மாவோடது. அம்மாவுக்குத் தட்டுத்தடுமாறிப் படிக்க வரும், எழுத வராது. அப்பா போய் மூணு மாசம் இருக்கும். கேட் பெட்டியில அப்பா பேருக்கு ஒரு லெட்டர் கிடந்துச்சு. மேல்வீட்டு அத்தை எழுதினது. அப்பாவைக் கொண்டுபோகும்போது வாசல்ல நின்னாங்க, ஒரு வார்த்தை பேசலை. அவங்கதான் எழுதியிருக்காங்க! எனக்கு வந்த கோவத்துக்கு கிழிச்சுப் போடலாம்னு எடுத்தேன். அம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 'பேப்பர் எடு'ன்னாங்க."

"ஏன் தாத்தா பேர்ல?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'லெட்டர் யாருக்கு வந்துச்சோ அவர்தானே பதில் போடணும்'னாங்க. அப்பா எப்படிச் சண்டை போடுவார்னு அம்மாவுக்கு அத்துப்படி. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவுல அம்மாவுக்கே சிரிப்பு வந்துடும். அந்த வருஷம் அவங்க சிரிச்சது அப்போ மட்டும்தான்."

பைண்டரின் மனைவி ஃபோன் பக்கம் குனிந்தாள். "அம்மா, நான் பைண்டர் வீட்டுக்காரி. அறுபத்தஞ்சுல ஒரு லெட்டர்ல கிளையை வெட்டிடறேன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமா. அம்மாவுக்கு இரக்கம் வந்துடுச்சு. வயசான மனுஷி, பாதையைக் கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடியுது, அடுத்த வாரம் ஆள் விட்டு வெட்டறோம்னு எழுதச் சொன்னாங்க. மறுநாளே பதில்."

அந்தப் பதில் மனைவியின் கையிலேயே இருந்தது. அவள் உரக்கப் படித்தாள்: "தம்பிக்கு, அவசரப்படாதே. வெட்டிவிட்டால் அப்புறம் நாம் எதைப் பற்றி எழுதுவது?"

 

"அப்புறம் ஏன் நின்னுச்சு, அத்தை?" என்று உரிமையாளர் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு வெளியூர்ல டீச்சர் வேலை கிடைச்சுது. நான் போயிட்டேன். எழுத ஆள் இல்ல. ரெண்டு மாசம் பதில் வரலைன்னதும் மேல்வீட்டு அத்தை ஒரு நாள் மத்தியானம் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ்வீட்டுக்கு வந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் தினமும் மூணு மணிக்கு ஒண்ணு இவங்க அங்கே, இல்ல அவங்க இங்கே. கடைசி வரைக்கும்."

"முதல் நாள் என்ன பேசினாங்க?" என்று பைண்டரே கேட்டுவிட்டார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான்தான் ஊர்ல இல்லையே. கடிதம் போட்டுச் சொல்ல எங்க அம்மாவுக்கு எழுதவும் தெரியாதே!"

அக்கா ஒரு வால்யூம், தம்பி ஒரு வால்யூம் என்ற திட்டம் அந்தச் சனிக்கிழமையோடு போயிற்று. கடிதம், அதற்குப் பதில், அடுத்த கடிதம் என்று தேதி வரிசையில் கலந்து தைத்துத் தரும்படி உரிமையாளர் கேட்டார். இருபத்து மூன்றையும் பிரிக்க வேண்டாம், யார் எழுதியது என்று முன்பக்கத்தில் நாலு வரி போட்டால் போதும் என்றார். அத்தையோ, தன் பெயரைப் போடக் கூடாது, அம்மாவின் பெயரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பைண்டர் ஏற்கெனவே தைத்திருந்த நான்கு கட்டுகளின் நூலை அறுத்து, பசையைச் சுரண்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று வால்யூம்களாக வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் அதன் உறைக்கு ஒரு பை ஒட்ட வேண்டும் என்றாள் மனைவி. அதனால் முதுகு தடித்துவிட்டது. துணியை இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது.

புதன்கிழமை மனைவி அரை நாள் விடுப்பு போட்டாள். இருவரும் ஆட்டோவில் வால்யூம்களை மடியில் வைத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனார்கள். உரிமையாளர் கைகழுவி, துடைத்து, நடு வால்யூமை எங்கேயோ திறந்து, நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு ஒரு குரல், தம்பிக்கு ஒரு குரல். நாலாவது கடிதத்தில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் நிற்பது அவருக்கு மறந்தேபோயிற்று.

பைண்டர் கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.