வெள்ளிக்கிழமை மான்

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்டனிராஜ் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டால், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பைத் திரும்ப வாங்க வருபவர்களிடம் பக்கத்து ஜூஸ் கடை அப்பாஸ், "அண்ணன் வேட்டைக்குப் போயிருக்காப்ல, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்பான். புதிதாக வந்தவர்கள் மிரண்டுபோய் அவனைப் பார்ப்பார்கள். சிறுமலைப் பக்கம் துப்பாக்கியோடு திரிகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்களோ என்னவோ. ஆண்டனிராஜுக்கு எலி அடிக்கவே கை நடுங்கும்.

வேட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ஏதோ ஒரு குளிர்நாட்டுக் காடு. விளையாட்டு என்று பெயரே தவிர, அதில் ஓட்டமும் கிடையாது, குதிப்பும் கிடையாது. ஒரு மானுக்காகப் புதருக்குள் மணிக்கணக்காகக் குந்தியிருக்க வேண்டும். வேகமாக நடந்தால் சருகு நொறுங்கும் சத்தம் அதற்குக் கேட்டுவிடும். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் வாடை பிடித்துவிடும். பெரிய கொம்புள்ளவை ராத்திரியில்தான் தண்ணீருக்கு வரும். அந்த இருட்டின்மேல் திண்டுக்கல் வெயில் கொஞ்சம் விழுந்தால் போதும், திரையில் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் ஷட்டர்.

கூட வேட்டையாடுவது அவன் மனைவி ஷைனி. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் மகள், இப்போது அயர்லாந்தில் நர்ஸ். கல்யாணமான வருடமே வேலை கிடைத்துப் போய்விட்டாள். நைட் டியூட்டி முடிந்து அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பாள். அவளுக்குக் காலை, அவனுக்கு மத்தியானம், இருவரும் சேர்ந்து உட்காருவது மட்டும் நடுராத்திரிக் காட்டில். ஆரம்பத்தில் வீடியோ காலில் "சாப்டியா", "சாப்டேன்" என்பதற்குமேல் பேச்சு ஓடாமல் தவித்தபோது ஆண்டனிராஜ்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தான். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய்க்குப் பேச்சு தானாக வந்தது. காட்டோரத்தில் அடித்த மான் தலைகளை மாட்டிவைக்க ஒரு மர வீட்டையும் அந்த விளையாட்டு கொடுத்திருந்தது. "நம்ம வீட்டுக்குப் போவமாங்க" என்பாள் ஷைனி, வேட்டை முடிந்ததும். வடமதுரையில் மாமியார் வீட்டில் அவளுக்கென்று பீரோவின் கீழ்த்தட்டு மட்டும்தான் இருந்தது. அதனால் இந்த வீட்டின்மேல் அவளுக்குத் தனி ஆசை.

இரண்டு பேரும் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். மைக்கில் பேசுவது மானுக்குக் கேட்காது, கேட்க வழியே கிடையாது. கம்ப்யூட்டர் கடைக்காரனுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் முதல் நாள் புதருக்குள் உட்கார்ந்ததுமே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவனும் தாழ்த்திக்கொண்டான். வடமதுரை வீட்டில் பக்கத்து அறையில் அம்மா படுத்திருக்கும்போது பேசிப் பழகிய பேச்சு அது. ஹெட்போனில் அவள் மூச்சு காதுக்குள்ளேயே படுகிற மாதிரி இருக்கும். அதை விட்டுவிட அவனுக்கு மனசில்லை.

மான் தென்பட்டால் "ஸ்ஸ்" என்பான். உடனே அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அந்த "ஸ்ஸ்" தனக்கு எவ்வளவு தோதாக இருந்தது என்பதை மட்டும் அவன் யோசித்ததில்லை. "இங்க வர்றதுக்கு விசா பேப்பரெல்லாம் குடுத்தீங்களா?" என்று அவள் கேட்கும்போது பார்த்துத்தான் எங்காவது ஒரு கொம்பு அசையும். "ஸ்ஸ், அந்தா நிக்குது பாரு" என்பான். கடையை யார் பார்த்துக்கொள்வது, அம்மாவை யாரிடம் விடுவது, அந்தக் குளிரில் தனக்கு என்ன வேலை என்பதெல்லாம் அவன் தொண்டையிலேயே நின்றுவிடும். மானைச் சுட்டு முடிப்பதற்குள் கேள்வியும் ஆறிப்போயிருக்கும். அவள் மறந்துவிட்டாள் என்றே அவன் நினைத்துக்கொள்வான்.

அன்று தவக்கால வெள்ளி. நிஜத்தில் கறி தின்னாத நாளில் விளையாட்டிலும் சுடக்கூடாது என்பது ஷைனி போட்ட சட்டம். "பொய் மானா இருந்தா என்ன? பாவம் பாவந்தான்" என்பாள். அவன் எவ்வளவோ கேலி செய்து பார்த்தும் அவள் மாறவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் அவள் அன்றைக்கு வரவே மாட்டாள். இந்த வாரம் அவளாகவே, "வெள்ளிக்கிழமை வாரேன். பேசணும்" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

ஈஸ்டருக்கு டிக்கெட் போட்டாளா இல்லையா என்பதைத்தான் சொல்லப்போகிறாள். ஆண்டனிராஜ் அப்படித்தான் நினைத்தான். ஒரே நினைப்பாக அதையே நினைத்துக்கொண்டிருந்தான். இந்த முறை வந்தால் திரும்பிப் போகவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், தேவைப்பட்டால் காலில் விழவேண்டும். அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் அதற்குள் கோவிலில் பாதிப்பேரிடம் மருமகள் வரப்போவதைச் சொல்லிவிட்டாள். அறைக்கு வெள்ளையடிக்கவும் ஆள் சொல்லியாகிவிட்டது.

ஏரிக்கரைப் புதருக்குள் அவன் முதலில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய உருவம் சருகுகளை மிதித்து வந்து பக்கத்தில் குந்தியது. நிலா வெளிச்சத்தில் தண்ணீர் தகடுபோலக் கிடந்தது.

"டூட்டி கஷ்டமா?" என்றான் ரகசியக் குரலில்.

"கஷ்டமெல்லாம் இல்லைங்க."

அவன் திடுக்கிட்டான். அவள் குரல் முழுசாக வந்தது. கடைக்காரரிடம் சாமான் கேட்கிற குரல், வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரல். ஹெட்போனின் சத்தத்தைக் குறைக்கக் கை போனது.

"மெதுவாப் பேசு புள்ள."

"ஏன்? யாரு இருக்கா இங்க?"

அவன் சிரித்து வைத்தான். "டிக்கெட் போட்டியா? அம்மா தொணதொணங்குறாங்க. வந்தா விசேஷம் உண்டான்னு வேற கேக்குறாங்க."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தான். இல்லை, அவள் உருவம் அங்கேயேதான் இருந்தது. அப்போதுதான் எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. முதலில் கொம்பு, பிறகு கழுத்து, பிறகு முழு மான். இத்தனை நாளில் அப்படி ஒன்றை அவன் கண்டதில்லை. வேலிமுள்ளை வெட்டித் தலையில் சுமந்து வருவதைப்போல அத்தனை கிளைகள். பழக்கதோஷம், வாய் தானாக "ஸ்ஸ்" என்றது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க," என்றாள் ஷைனி. "நீங்க சுட மாட்டீங்க. அதுக்காகத்தான் இன்னிக்கு வாரேன்னு சொன்னேன். அப்பவும் ஸ்ஸ்னா எப்பிடி?"

மான் தண்ணீரை நோக்கி இறங்கியது.

"நம்ம வீட்டுல நடுச் செவுத்துல ஒரு தலை மாட்டியிருக்கீங்களே, போன ஆகஸ்ட்டுல அடிச்சது. அது எந்த நாளுன்னு ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. இருவருமாக அடித்ததில் அதுதான் பெரிது. அப்பாஸைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினான். அன்று ஷைனி ஏனோ வீட்டுக்குள் வந்து பார்க்காமலே போய்விட்டாள்.

"லீவுக்கு வந்துட்டு இங்க திரும்பினதுக்கப்புறந்தான் எனக்கே தெரிஞ்சது, உண்டாயிருக்கேன்னு. நேர்ல பாத்துச் சொல்ற மாதிரி சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள போயிருச்சு. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரிலயே ஒத்தையா படுத்துருந்தேன். ரூமுக்கு வந்த அன்னிக்குத்தான் புதருக்குள்ள உக்காந்து, 'ஏங்க, ஒண்ணு சொல்லணும்'னேன். நீங்க ஸ்ஸ்னீங்க. மறுபடி சொன்னேன். மறுபடியும் ஸ்ஸ்னீங்க."

ஆண்டனிராஜுக்கு அந்த மத்தியானம் அப்படியே நினைவுக்கு வந்தது. அவள் குரல் அன்று உடைந்துதான் இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தான். இல்லை, நினைக்கவில்லை, அப்படி வைத்துக்கொண்டான். பேப்பர் பேச்சைத்தான் எடுக்கிறாள் என்று பயந்து, மான் தெரிவதற்கு முன்னாலேயே ஸ்ஸ் சொன்னான். முதல் தடவை அங்கே மானே இல்லை.

"ஷைனி..." என்றான். அப்போதும் குசுகுசுப்பாகத்தான் வந்தது.

"நான் ஈஸ்டருக்கு வரலைங்க. அதுக்கப்புறமும் வரல. அத்தைகிட்ட நானே போன்ல சொல்லிக்கிறேன், நீங்க சங்கடப்பட வேணாம். கோவத்துல பேசல. அழுது முடிச்சிட்டுத்தான் வந்துருக்கேன்."

"ஏ புள்ள, நான் அங்க வாரேன். இந்த வாரமே பேப்பர் குடுக்குறேன். கடைய வித்துப்புட்டு..."

"அந்த மானப் பாருங்க," என்றாள். "நான் இம்புட்டு நேரம் சத்தமாத்தான் பேசுறேன். ஓடுச்சா?"

மான் முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. காதுகூட அசையவில்லை. அவன் திரும்பி அவள் பக்கம் பார்த்தான். பக்கத்தில் புல் மட்டும் இருந்தது. உட்கார்ந்த தடம்கூட இல்லை. திரையின் மூலையில் ஷைனி வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்து, கொஞ்ச நேரம் நின்று, மங்கிப்போனது.

போனை எடுத்து அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை. மைக்கை வாயருகே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஷைனீ!" என்று கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவன் அவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. ஏரிக்கரையில் மான் குடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கத்தினான்.

"அண்ணே! என்னண்ணே ஆச்சு?" ஜூஸ் கடையிலிருந்து அப்பாஸ் ஓடிவந்து ஷட்டரைப் பிடித்துத் தூக்கினான். மத்தியான வெயில் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. திரையில் காடு இல்லை, நிலா இல்லை, கண்ணாடிமேல் படிந்திருந்த தூசியும் விரல் தடங்களும்தான் தெரிந்தன. கழுத்தில் நழுவிக் கிடந்த ஹெட்போனிலிருந்து மட்டும் மான் தண்ணீர் குடிக்கும் சத்தம், விட்டு விட்டு, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.